சபை மண்டபம் கட்டும்போது அளவுக் கணக்கு: சபையிலுள்ள குவாண்டிட்டி சர்வேயருக்கு ஒரு கையேடு

வளைகுடாவிலோ சென்னையிலோ குவாண்டிட்டி சர்வேயராக, அதாவது கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுகிறவராக, வேலை பார்த்தவர் சபையில் ஒருவர் இருந்தால் போதும், மண்டபம் கட்டலாம் என்ற பேச்சு எழுந்த அன்றே கட்டடக் கமிட்டியில் அவர் பெயர் ஏறிவிடும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சேகரங்களில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) இது வழக்கம். கம்பெனியில் பழகிய முறை அப்படியே இங்கே செல்லாது. அங்கே ஒரே முதலாளி. இங்கே முந்நூறு குடும்பம் காணிக்கை போட்டிருக்கும். அங்கே காண்ட்ராக்டர் வெளியாள். இங்கே கொத்தனார் நம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவர். ஒருவரையொருவர் நம்புகிற இடம் என்பதாலேயே அளவுப் புத்தகத்தை இன்னும் கவனமாக எழுத வேண்டும். அந்த நம்பிக்கை உடையாமல் காப்பது அதுதான்.

முதலில் உங்கள் வேலை எது என்று எழுதி வாங்குங்கள்

கமிட்டி மினிட்டில் இரண்டு வரி ஏறட்டும்: இன்னார் எஸ்டிமேட் தயாரிப்பார், கொட்டேஷன்களை ஒப்பிட்டுத் தருவார், நடந்த வேலையை அளந்து சான்று தருவார். செய்யாதவற்றையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: பொருள் வாங்க மாட்டார், செக்கில் கையெழுத்துப் போட மாட்டார், காண்ட்ராக்ட் எடுக்க மாட்டார். அளக்கிறவரே வாங்கினால், அவர் எவ்வளவு நேர்மையானவர் என்றாலும், ஆறாவது மாதம் ஒரு கேள்வி எழும். கேட்பவர் மேல் தப்பில்லை. பதில் சொல்லக் காகிதம் இல்லாததுதான் தப்பு.

கம்பிக் கணக்கு தெரிந்தாலும் கம்பி வடிவமைப்பு உங்கள் வேலை அல்ல. பில்லர் அளவு, பீம் ஆழம், கம்பி விட்டம் எல்லாம் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் கையெழுத்திட்ட வரைபடத்திலிருந்துதான் வர வேண்டும். “அண்ணாச்சி, நீங்களே ஒரு கம்பி சைஸ் சொல்லிருங்களேன்” என்று மேஸ்திரி அன்பாகக் கேட்பார். சொல்லிவிடாதீர்கள்.

காண்ட்ராக்டர் உங்கள் மச்சானாகவோ சம்பந்தியாகவோ வந்து சேர்ந்தால் அளவை அடுத்த சேகரத்தில் இருக்கும் இன்னொரு எஞ்சினியரிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். அதையும் மினிட்டில் எழுதுங்கள்.

இடமும் அனுமதியும்

எஸ்டிமேட் போட உட்காரும் முன் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சொத்துகள் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும்; திருநெல்வேலியில் பழைய சொத்துகள் திருநெல்வேலி டயோசிசன் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரிலும் இருக்கும். உரிமையாளர் அந்த அமைப்பு என்பதால் வரைபடமும் எஸ்டிமேட்டும் பேராயரின் திருமண்டல அலுவலகம் போய் வர வேண்டும். அதற்கு ஆகும் மாதங்களையும் கால அட்டவணையில் போடுங்கள். வழிபாட்டுக்கான கட்டடம் என்றால் மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை. சமுதாயக் கூடம் என்று விண்ணப்பித்துவிட்டுப் பிறகு ஆராதனை நடத்தினால் சிக்கல் சபைக்குத்தான். என்ன பயன்பாடு என்பதை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். தொழிலாளர் நல வாரியத்துக்கான 1 சதவீதம், மின் இணைப்பு டெபாசிட், அனுமதிக் கட்டணம் எல்லாம் எஸ்டிமேட்டில் தனி வரியாக நிற்கட்டும். கட்டடக் கணக்கில் இவற்றை விட்டுவிட்டுக் கடைசியில் கடன் வாங்கும் சபைகள் அநேகம்.

சதுர அடி ரேட்டில் ஒளிந்திருக்கும் சண்டை

கமிட்டி முதலில் கேட்பது, “சதுர அடிக்கு எவ்வளவு?” என்பதுதான். கேட்கட்டும். ஆனால் எந்த அளவுக்குச் சதுர அடி என்று முடிவாகாமல் ஒப்பந்தம் போடக் கூடாது. உள்ளளவு 18 மீட்டருக்கு 9 மீட்டர் உள்ள மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளளவில் அது 162 சதுர மீட்டர், அதாவது 1,744 சதுர அடி. சுற்றிலும் 23 செ.மீ. சுவரைச் சேர்த்து வெளியளவில் பார்த்தால் 1,880 சதுர அடி. ரூஃபைச் சுற்றி 60 செ.மீ. நீட்டிய விளிம்பையும் சேர்த்துவிட்டால் 2,256. மண்டபம் ஒன்றுதான்; மூன்று எண்ணும் ஒவ்வொரு விதத்தில் சரிதான். கடைசி எண்ணுக்கும் முதல் எண்ணுக்கும் இடையே 512 சதுர அடி. ரேட்டை அதனால் பெருக்கிப் பாருங்கள், சண்டை எங்கே இருந்து வருகிறது என்று தெரியும்.

ஆகவே ‘சுவரின் வெளிமுகம் வரை, சன்ஷேடும் ரூஃப் நீட்டமும் சேராது’ என்பதைப் படத்தில் கோடு போட்டுக் காட்டி இரண்டு தரப்பும் கையெழுத்திடட்டும். கைப்பிடிச் சுவர், மாடிப்படித் தலைமூடி, செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, மேடை, சாய்தளம் ஒவ்வொன்றும் ரேட்டுக்குள் அடங்குமா, தனியா என்று எழுதுங்கள். கடக்கால் (அஸ்திவாரக் குழி) ஆழம் எத்தனை அடிவரை அந்த ரேட்டில் அடங்கும் என்பதையும் எழுதுங்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல் மண். அங்கே கடினத் தரை கிடைக்கும் ஆழம் குழிக்குக் குழி மாறும். மண் பரிசோதனை இல்லாமல் மொத்த ரேட் பேசினால் காண்ட்ராக்டர் நஷ்டப்படுவார், அல்லது அஸ்திவாரம் குறையும்.

முடிந்தவரை ஐட்டம் வாரியாக பி.ஓ.க்யூ. (அளவுப் பட்டியல்) போடுவதே நல்லது. வானம் தோண்டுவது முதல் பெயின்ட் வரை ஒவ்வொரு வேலைக்கும் அளவு, அலகு, விளக்கம். விளக்கத்தில் கலவை விகிதம், சிமென்ட் வகை, டைல்ஸ் அளவு வரை எழுதுங்கள். ‘நல்ல தரமான கதவு’ என்று எழுதினால் அதை யாராலும் அளக்க முடியாது. ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்பதும் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 18 ஆனது, அதற்கு முன் வாங்கிய கொட்டேஷனை வைத்து இன்று ஒப்பிடாதீர்கள்.

உபயப் பட்டியல்

சபைக் கட்டடத்துக்கு மட்டுமே உரிய வேலை இது. ‘ஒரு ஜன்னல் இவ்வளவு, ஒரு மின்விசிறி இவ்வளவு’ என்று பட்டியல் போட்டுச் சபையாரிடம் கொடுப்பார்கள். விசிறி இறக்கையில் உபயதாரர் பெயர் எழுதப்படும். மக்கள் கண்ணுக்குத் தெரிகிறதைத்தான் எடுத்துக்கொள்வார்கள், அது இயல்பு. அஸ்திவாரத்துக்கும் செப்டிக் டேங்குக்கும் ஆள் இருக்காது. பட்டியல் முழுவதும் விற்றுத் தீர்ந்த பின்னும் பாதிப் பணம் குறையும்.

இதற்குக் கணக்கில் தீர்வு உண்டு. மொத்தச் செலவு 60 லட்சம் என்றும், பட்டியலில் போடத்தக்க ஐட்டங்களின் அடக்கம் 35 லட்சம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 60-ஐ 35-ஆல் வகுத்தால் 1.714. ஒவ்வொரு ஐட்டத்தின் அடக்கத்தையும் இதனால் பெருக்குங்கள். 14,000 ரூபாய் அடக்கமுள்ள ஜன்னல் 24,000 என்று பட்டியலில் வரும். இதைச் சபையாருக்கு மறைக்கக் கூடாது. பட்டியலின் தலைப்பிலேயே, ‘ஒவ்வொரு தொகையிலும் அந்தப் பொருளோடு அஸ்திவாரம், கம்பி, மின் இணைப்பு ஆகியவற்றின் பங்கும் சேர்ந்திருக்கிறது’ என்று அச்சிடுங்கள். கடையில் ஜன்னல் விலை விசாரித்துவிட்டு வருகிற உபயதாரருக்கு அந்த வரிதான் பதில். எல்லா ஐட்டத்துக்கும் ஆள் கிடைக்காது என்பதையும் கருதிக் கையில் வந்த பணத்துக்கு மேல் ஒப்பந்தம் போடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் ஒரு கோடு உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் துபாயிலிருந்து தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே குடும்பத்தில் ஒருவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அவர் தருவது எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) வரம்புக்குள் வரும், பதிவும் அதற்குரிய டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்கும் இல்லாமல் வாங்கவே கூடாது. ரசீது எழுதும் முன் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்கப் பொருளாளருக்குச் சொல்லிக்கொடுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும். கேட்டே ஆக வேண்டும்.

பொருளாகத் தருகிறவர்களும் உண்டு. “நான் 200 மூட்டை சிமென்ட் தாரேன்” என்று ஒருவர் சொல்லி, ஊழியர் வீட்டு வராந்தாவில் அடுத்த நாளே இறக்கிவிடுவார். வேலை தொடங்க நாலு மாதம் இருக்கும். சிமென்ட் மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தால் பரிசோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. ஈரம் ஏறி வலு இறங்கியிருக்கும். அந்த மூட்டைகளைக் கான்கிரீட்டில் போடாமல் இருக்க வழி, கடைக்காரரிடமே கிரெடிட்டாக வைக்கச் சொல்வதுதான்: உபயதாரர் கடையில் பணம் கட்டுவார், சபை தேவைப்படும்போது எடுக்கும். கம்பி தந்தால் விட்டம் வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள். வந்த பொருள் எல்லாவற்றையும் அன்றைய சந்தை விலையில் வரவாகவும் எழுதுங்கள், செலவாகவும் எழுதுங்கள். இல்லையென்றால் கட்டட மதிப்பு கணக்கில் குறைவாக நிற்கும்.

கொட்டேஷன்களை ஒப்பிடுவது

மூன்று கொட்டேஷனாவது ஒரே பி.ஓ.க்யூ.வின் மேல் வாங்குங்கள். மூடிய உறையில் வந்து, கமிட்டி முன் ஒரே நேரத்தில் பிரிக்கப்பட வேண்டும். மொத்தத்தை மட்டும் பார்த்துத் தாழ்ந்ததை எடுத்தால் ஒரு பொறியில் விழலாம். மண் வேலைக்கும் அஸ்திவாரத்துக்கும் ரேட்டை ஏற்றி, பூச்சு, டைல்ஸ், பெயின்ட்டுக்கு இறக்கி, மொத்தத்தைக் குறைவாகக் காட்டுவார்கள். தரைமட்டம் வருவதற்குள் லாபம் முழுவதும் கைக்குப் போய்விடும். பூச்சு வேலையில் ஆள் வர மாட்டார். கண்டுபிடிக்க, கொட்டேஷன் வருமுன்பே நீங்கள் தயாரித்த ரேட்டை ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பக்கத்தில் எழுதுங்கள். பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியலும் உள்ளூர்ச் சந்தை விலையும் துணைக்கு இருக்கின்றன. எந்த ஐட்டம் உங்கள் ரேட்டிலிருந்து வெகுதூரம் விலகுகிறதோ அதைப் பற்றிக் காண்ட்ராக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் வேலைக்கு ரேட் எப்படி என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும். பாதியில் “மேடையை இன்னும் மூணு அடி இழுத்துருவோம்” என்று சொல்லாத கமிட்டி கிடையாது. வாய்மொழியாகச் சொன்ன எந்த மாற்றத்துக்கும் பணம் கிடையாது என்று ஒரு வரி இருந்தால் போதும், இரண்டு தரப்பும் எழுதப் பழகிவிடும்.

அளவு எடுப்பது

இங்கேதான் உங்கள் படிப்பு சபைக்கு நேராகப் பயன்படுகிறது. ஒரு தடிமனான பைண்டிங் நோட்டு வாங்கிப் பக்கங்களுக்கு எண் போட்டு எம்-புக்காக (அளவுப் புத்தகமாக) வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் வேண்டாம். தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு அடித்துக் கையெழுத்துப் போடுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள். காண்ட்ராக்டரோ அவர் ஆளோ கூட இருக்கும்போதே அளந்து, அந்த இடத்திலேயே அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் மறையப் போகிறவற்றை மூடும் முன் அளந்தாக வேண்டும்: கடக்கால் ஆழம், பூட்டிங் கம்பி, தரைக்கு அடியில் போகும் பைப்.

மணல் லோடில் தொடங்குவோம். எம்-சாண்ட் யூனிட் கணக்கில் வரும். 1 யூனிட் 100 கன அடி. லாரி வந்ததும் தொட்டியின் உள்நீளம், உள்அகலம் அளந்து, மணலின் உயரத்தை நாலு மூலையிலும் நடுவிலும் கம்பி இறக்கிப் பார்த்துச் சராசரி எடுங்கள். நடுவில் குவிந்து ஓரம் தாழ்ந்திருக்கும் மணலை நடு உயரத்தில் மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள். 12 அடிக்கு 7 அடி தொட்டியில் சராசரி 3 அடி என்றால் 252 கன அடி, அதாவது 2.52 யூனிட். பில் 3 யூனிட் என்று இருந்தால் லாரி நிற்கும்போதே பேச வேண்டும். கொட்டிய பிறகு குவியலை வைத்துப் பேச முடியாது.

ஈரமும் ஏமாற்றும். லேசாக நனைந்த மணல் உப்பி அதிக இடம் பிடிக்கும். ஒரு கண்ணாடி ஜாடியில் 200 மி.மீ. உயரத்துக்கு மணலைத் தளர்வாகப் போட்டு, முழுவதும் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி அடங்க விடுங்கள். மட்டம் 160-க்கு இறங்கினால் 25 சதவீதம் உப்பல். அப்படியானால் 3 யூனிட் என்று வந்த மணல் உண்மையில் 2.4 யூனிட். இதைச் செய்து காட்டினால் சப்ளையரும் மறுக்க மாட்டார். இதே காரணத்தால் பெட்டி அளவில் கலவை போடும்போது ஈர மணலுக்குக் கூடுதலாக அளந்து போட வேண்டும். இல்லையென்றால் மணல் குறைந்து கலவை சிமென்ட் மிகுந்ததாகி, மூட்டைக் கணக்கு ஏறும்.

கம்பிக்கு எல்லோரும் அறிந்த சூத்திரம்: விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில். 8 மி.மீ. கம்பி 0.395, 10 மி.மீ. 0.617, 12 மி.மீ. 0.888, 16 மி.மீ. 1.58. வந்த லோடிலிருந்து சரியாக ஒரு மீட்டர் வெட்டி மளிகைக் கடைத் தராசில் போட்டுப் பாருங்கள், 10 மி.மீ. துண்டு 617 கிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இப்படி மெலிந்த விட்டமுள்ள கம்பிக்கு இந்தியத் தரக்குறியீடு 7 சதவீதம்வரை கூடக் குறைய விடுகிறது; அதற்குக் கீழே போனால் லோடைத் திருப்புங்கள்.

ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தைய நாள் சாயங்காலம்தான் முக்கியமான அளவு. “அண்ணாச்சி, நாளைக்குக் காலையில கான்கிரீட்டு. இன்னைக்கு நாலு மணிக்குக் கம்பியை எண்ணிருவோமா?” என்று மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவருக்கும் கௌரவம். கணக்கு எளிதாக இருக்க, தளத்தை 18-க்கு 9 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். பீம்கள் 9 மீட்டர் குறுக்காக, 3 மீட்டருக்கு ஒன்றாக, மொத்தம் 7. முதன்மைக் கம்பி 10 மி.மீ., 150 மி.மீ. இடைவெளியில் நீளவாக்கில் ஓடும். 9 மீட்டரை 0.15-ஆல் வகுத்தால் 60, கூட ஒன்று, 61 கம்பி. கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருவதால் ஒரு ஒட்டு. விட்டத்தைப் போல் 50 மடங்கு என்றால் அரை மீட்டர். ஆக 18.5 மீட்டர் வீதம் 61 கம்பி 1,128.5 மீட்டர், 696 கிலோ. குறுக்குக் கம்பி 8 மி.மீ., 200 மி.மீ. இடைவெளியில் 91, ஒவ்வொன்றும் 9 மீட்டர், 819 மீட்டர், 323 கிலோ. அடிக் கம்பி மட்டும் ஏறக்குறைய 1,020 கிலோ. பீமின் மேல் வரும் மேல்கம்பி தனி.

ஒவ்வொரு கம்பியையும் எண்ண நேரம் இல்லையென்றால் டேப்பை நீட்டி 10 இடைவெளியை ஒன்றாக அளங்கள். 1.50 மீட்டர் வர வேண்டும். 1.75 வந்தால் இடைவெளி 175. 61-க்குப் பதில் 52 கம்பிதான் கிடக்கிறது. 9 கம்பி, நூறு கிலோவுக்கு மேல். இதைப் பில்லில் கழித்துக்கொள்கிற விஷயமாக ஒருபோதும் நினைக்காதீர்கள். அந்தத் தளத்தின் கீழ் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள். எஞ்சினியரை வரவழைத்து, கம்பி கட்டி முடியும்வரை கான்கிரீட்டை நிறுத்துங்கள். தளத்துக்கு அடியில், கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் 20 மி.மீ. கவர் பிளாக் இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். சித்தாள்கள் நடந்து நடந்து கம்பி பலகையில் படிந்து கிடக்கும் இடங்கள்தான் பத்து வருடத்தில் துரு ஏறி உரிகிற இடங்கள்.

125 மி.மீ. தளம் 20.25 கன மீட்டர். பீம்கள் தளத்துக்குக் கீழ் 0.3-க்கு 0.6 மீட்டர் என்றால் இன்னொரு 11.34. சேர்த்து 31.59. இந்த அளவுக்குத் தரக்குறியீட்டின்படி 4 மாதிரி, மாதிரிக்கு 3 கான்கிரீட் கட்டி, ஆக 150 மி.மீ. கனசதுரக் கட்டி 12 எடுத்து 28-ஆம் நாள் உடைத்துப் பார்க்க வேண்டும். எம்20, 1:1½:3 கலவை என்றால் ஒரு கன மீட்டருக்கு 403 கிலோ சிமென்ட், 8 மூட்டைக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் 255 மூட்டை. அன்று மாலை காலிச் சாக்கை எண்ணுங்கள். 225-தான் இருந்தால் எங்கேயோ கலவை மெலிந்திருக்கிறது. 280 இருந்தால் பலகையைத் தாங்கும் முட்டு இறங்கித் தளம் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வகம் வடிவமைத்துத் தந்த கலவை (டிசைன் மிக்ஸ்) என்றால் அந்த அறிக்கையில் உள்ள சிமென்ட் அளவை வைத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு முட்டைப் பிரிப்பது. 3 மீட்டர் தளத்துக்கு 7 நாள் போதும். 9 மீட்டர் பீமுக்கு 21 நாள். இது சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு, எரிசாம்பல் கலந்த பி.பி.சி. என்றால் எஞ்சினியர் சொல்கிற கூடுதல் நாள். சென்ட்ரிங்காரர் வாடகைக்காக அவசரப்படுவார். சபை இரண்டு வார வாடகையைத் தந்தாலும் பரவாயில்லை, பீம் முட்டைத் தொட விடாதீர்கள். தண்ணீர் நனைப்பதும் 7 நாளில் முடிவதில்லை, பி.பி.சி. சிமென்ட்டுக்குக் குறைந்தது 10, நம் வெயிலுக்கு 14 நாள். இதை வாலிபர் சங்கத்திடம் முறை போட்டுக் கொடுத்தால் காசில்லாமல் ஒழுங்காக நடக்கும்.

பூச்சு வேலைக்குக் கழிவு தெரியாமல்தான் அதிகச் சச்சரவு. ஐ.எஸ். 1200 முறைப்படி, 0.5 சதுர மீட்டர்வரை உள்ள திறப்புக்குக் கழிவு இல்லை. 0.5 முதல் 3 வரை, இருபக்கமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கம் மட்டும் கழியும். மறுபக்கம் திறப்பின் ஓரங்களுக்கு ஈடு. 3-க்கு மேல் இருபக்கமும் கழித்து, ஓரங்களை அளந்து கூட்ட வேண்டும். மண்டபத்தின் ஒரு நீளச் சுவர் 18-க்கு 4 மீட்டர். இருமுகம் 144 சதுர மீட்டர். 1.5 மீட்டர் சதுர ஜன்னல் 4: ஒரு பக்கம் 9.00 கழியும். 2.4-க்கு 2.1 கதவு: இருபக்கம் 10.08 கழித்து, 15 செ.மீ. ஓரம் 0.99 கூட்டுங்கள். 0.6 மீட்டர் வென்டிலேட்டர் 3: கழிவே இல்லை. நிகரம் 125.91. கழிக்காமல் 144-க்கு பில் போட்டால் சபைக்கு 195 சதுர அடி நஷ்டம். கமிட்டியில் ஒருவர் கறாராக எல்லாவற்றையும் இருபக்கமும் கழித்தால் 113.76 வரும், அப்போது கொத்தனாருக்கு 131 சதுர அடிக் கூலி நஷ்டம். இரண்டுமே அநியாயம். இரண்டாவதைச் சபை செய்யும்போது யாரும் கணக்குக் கேட்பதில்லை என்பதால் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பில்லும் பணமும்

அளவு எம்-புக்கிலிருந்து பில்லுக்கு, பில் மேற்பார்வை எஞ்சினியருக்கு, பிறகு கமிட்டிக்கு, கடைசியாகப் பொருளாளருக்கு. இந்த வரிசை ஒருமுறைகூட மாறக் கூடாது. ரன்னிங் பில்லில் இதுவரை நடந்த மொத்த வேலையைக் காட்டி, முன்பு கொடுத்ததைக் கழித்து, மீதியைக் கொடுங்கள். அப்போது முன் பில்லில் வந்த பிழை அடுத்ததில் தானே திருந்தும். குறைகளைச் சரிசெய்யும்வரை 5 சதவீதம் பிடித்து வைப்பதை (ரிடென்ஷன்) ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். டி.டி.எஸ். (பில்லிலேயே பிடிக்கும் வருமான வரி) எவ்வளவு என்று ஆடிட்டரிடம் முதல் பில்லுக்கு முன்பே கேளுங்கள்.

கட்டட காணிக்கைப் பெட்டியை இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும். யோவாஸ் ராஜா காலத்திலேயே ஆலயப் பெட்டியை ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்துதான் எண்ணினார்கள். மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒரே பக்கம் ஒட்டுங்கள்: வந்தது, கொடுத்தது, கொடுக்க வேண்டியது, கையிருப்பு, முடிக்க இன்னும் தேவைப்படுவது. ஞாயிறு அறிவிப்பில் போதகர் ஐயா வாசிக்கக் கடைசி மூன்று எண் போதும். கொடுக்க வேண்டியதை விட்டுவிட்டுக் கையிருப்பை மட்டும் வாசித்தால் சபையார் பணம் நிறைய இருக்கிறது என்று நினைத்துக் காணிக்கை குறையும்.

கடைசி பில்லில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. “மீதியைக் கர்த்தருக்குக் காணிக்கையா விட்டுருங்க அண்ணாச்சி” என்று சபை சேர்ந்து மேஸ்திரியை நெருக்குவது. அவர் கையில் நிற்பது அவர் பணம் மட்டும் அல்ல. கையாள், சித்தாள் கூலியும் அதில் இருக்கிறது. அளந்த வேலைக்கு முழுப் பணத்தையும் கொடுங்கள். கொடுக்க மனம் இருந்தால் அவர் பிறகு தட்டில் போடட்டும்.

பணம் நின்றால் எங்கே நிறுத்துவது

காணிக்கை, சபை விருந்தான அசனப் பண்டிகைக்கும் வெளிநாட்டுக்காரர் விடுமுறைக்கும் ஏறும், நடுவில் வற்றும். அதனால் வேலை நிற்கும் இடங்களை முன்பே குறித்து வையுங்கள். தரைமட்டத்து பிளிந்த் பீம் முடிந்து உள்ளே நிரவல் மண் இட்டு இடித்த பிறகு நிற்கலாம். ரூஃப் முடிந்து, அதன் மேல் வெயில், மழை தடுக்கும் வெதரிங் கோர்ஸ் போட்ட பின் நிற்கலாம். திறந்த கடக்காலோடு ஐப்பசி மழைக்குள் போகக் கூடாது. கரை சரிந்து, அடித்தரை சேறாகி, தோண்டியதையே மறுபடி தோண்டக் காசு போகும். பில்லர் கம்பி நீட்டிக்கொண்டு நிற்க நேர்ந்தால் சிமென்ட் பால் பூசி வைத்து, திரும்பத் தொடங்கும்போது துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும்.

தெருவுக்கும் கொஞ்சம்

மண்டபம் எழும்பும்போதே ஊரார் தங்கள் வீட்டு எஸ்டிமேட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள், எந்த மதத்தினரும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பயன்படுவது இரண்டு உதவி: சதுர அடி எந்த அளவில் என்று ஒப்பந்தத் தாளில் எழுதிக் கொடுப்பது, முன்பணம் நடந்த வேலையைத் தாண்டிப் போகாமல் ஐந்தாறு கட்டமாகப் பிரித்துக் கொடுப்பது. கலைஞரின் கனவு இல்லம் போன்ற திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் கட்டம் கட்டமாகத்தான் வரும். அதை நம்பி 360 சதுர அடிக்குப் பதில் 600-க்குக் கடக்கால் எடுத்துவிட்டால் ரூஃப் வராது. முதல் குழி வெட்டும் முன் இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

கணக்கை முடிப்பது

பிரதிஷ்டை தேதி குறித்துவிட்டால் எல்லோரும் அவசரப்படுவார்கள். அதற்கு முன் மொட்டை மாடியில் வாய்க்காலை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்தி, கீழே ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். குறைகளைக் கட்டடத்தின் அறைவாரியாகப் பட்டியல் எழுதிக் காண்ட்ராக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். ரிடென்ஷனை ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் தாண்டிய பிறகே விடுங்கள்; பங்குனியில் முடிந்த கட்டடத்துக்குப் பங்குனி வெயிலில் ஒழுகல் தெரியாது.

எம்-புக், அனுமதித் தாள்கள், கட்டிச் சோதனை அறிக்கை, கம்பி கட்டிய நிலையில் டேப் வைத்து எடுத்த படங்கள், சுவருக்குள் மின் குழாய் போகும் பாதையின் படம், செப்டிக் டேங்க் மூடி இருக்கும் இடத்துக்கு இரண்டு சுவரிலிருந்து அளந்த தூரம், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டிச் சேகர அலுவலகப் பீரோவில் வைத்து, பெற்றுக்கொண்டதாகச் செயலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒரு நகலை மட்டும் உங்களிடம் வைத்துக்கொள்ளலாம். மூலப்பிரதி சபையுடையது.